ரோஸ்வுட் ஊரின் அம்மாக்கள்: குடும்பக் குழுவில் ஒரு பேச்சு

கோவை அண்ணன்: நள்ளிரவு தாண்டியும் உன் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று காட்டுகிறது. பள்ளிக்கூடப் பெண்கள் நால்வரை யாரோ செல்பேசியில் மிரட்டும் அந்தப் பழைய அமெரிக்கத் தொடரைத்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாயா? நாற்பதைக் கடந்தவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.

நான்: அதேதான் அண்ணா, 'ப்ரிட்டி லிட்டில் லயர்ஸ்'. 2010 ஜூனில் தொடங்கி 2017 ஜூனில் முடிந்தது. ஏழு சீசன், 160 எபிசோட். பென்சில்வேனியாவில் இருப்பதாகச் சொல்லப்படும் ரோஸ்வுட் என்ற கற்பனை ஊரில், தோழிகள் கூட்டத்தின் தலைவி ஆலிசன் ஓர் இரவில் காணாமல் போகிறாள். ஓராண்டு கழித்து மற்ற நால்வருக்கும் 'ஏ' என்று மட்டும் கையெழுத்திட்ட செய்திகள் வரத் தொடங்குகின்றன. அந்த 'ஏ' யார் என்பதுதான் ஊரெல்லாம் பேசிய புதிர். எனக்கு அதில் அவ்வளவு ஆர்வம் இல்லை. அந்தப் பெண்களின் வீடுகளில் இருக்கும் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா மகள்: சித்தி, நானும் என் தோழிகளும் பள்ளியில் படித்தபோது இதைப் பார்த்தோம். அம்மா அப்பா வரும் காட்சிகளை அப்படியே ஓட்டிவிட்டு, எபிசோடின் கடைசியில் கறுப்புக் கையுறை போட்ட கைகள் மட்டும் தெரியும் காட்சிக்குப் போய்விடுவோம். நீங்கள் நேர்மாறாகப் பார்க்கிறீர்கள்!

நான்: நீங்கள் ஓட்டிவிட்ட இடத்தில்தான் சரக்கே இருக்கிறது, கண்ணு. முதல் எபிசோடிலேயே அந்த நால்வரில் ஒருத்தியான ஹன்னா ஒரு குளிர்கண்ணாடியைத் திருடி மாட்டிக்கொள்கிறாள். அவள் அம்மா ஆஷ்லி, கணவன் விட்டுப் போன பிறகு ஒரு வங்கி வேலையை நம்பிக் குடும்பம் நடத்துபவள். வழக்கு பதிவாகாமல் இருப்பதற்காக விசாரணைக்கு வந்த துப்பறியும் அதிகாரியோடு நெருங்கிவிடுகிறாள், மகள் அதைப் பார்த்தும் விடுகிறாள். பிறகு பணமுடை வரும்போது, வயதான ஒரு வாடிக்கையாளரின் வங்கிப் பெட்டகத்திலிருந்து பணத்தை எடுத்து, சமையலறையில் லசான்யா அட்டைப்பெட்டிக்குள் ஒளித்துவைக்கிறாள். வாடகை, வீட்டுக்கடன் என்று மாதக் கணக்குப் பார்த்துப் பழகியவர்களுக்கு, முகமூடி போட்ட ஆளை விட அந்த அட்டைப்பெட்டிதான் அதிகம் பதற்றம் தருகிறது.

மதுரைச் சித்தி: மூன்றாம் எபிசோடு வரை நானும் பார்த்தேன், என்னால் அதற்கு மேல் முடியவில்லை. விடுமுறையில் உணவுவிடுதியில் சந்தித்துப் பழகிய இளைஞன், பள்ளி திறந்ததும் ஆங்கில ஆசிரியராக வகுப்பில் வந்து நிற்கிறான். ஏரியா என்ற அந்தப் பெண் அவனிடம் படிக்கும் மாணவி என்று தெரிந்த பிறகும் அவன் விலகவில்லை. இத்தனை ஆண்டு தலைமையாசிரியராக இருந்தவள் சொல்கிறேன், என் பள்ளியாக இருந்திருந்தால் அன்று மாலையே அவன் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போயிருப்பான்.

அக்கா மகள்: சின்னப்பாட்டி, எங்கள் வகுப்பில் பாதிப் பேர் எஸ்ராவும் ஏரியாவும் சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தோம். அப்போது அது தவறாகவே தெரியவில்லை. இருவரும் ஒரே வயதுக்காரர்கள் போலத்தான் இருப்பார்கள்.

நான்: அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியபோது பதினாறு வயது ஏரியாவாக நடித்த லூசி ஹேலுக்கு 21 நிறைய இருந்தது. ஆசிரியராக நடித்த இயன் ஹார்டிங்குக்கு 23. நால்வரில் இன்னொருத்தியான ஸ்பென்சராக வரும் ட்ரொயன் பெல்லிசாரியோவுக்கு 24. ஆக, நம் கண் இரண்டு இளைஞர்களைப் பார்க்கிறது, கதைதான் ஆசிரியரும் மாணவியும் என்கிறது. கண் சொல்வதைத்தானே மனம் முதலில் நம்புகிறது? இத்தனைக்கும் அந்தக் கூட்டத்தில் உண்மையிலேயே பதின்ம வயதில் இருந்தவள் ஆலிசனாக நடித்த சாஷா பீட்டர்ஸ் ஒருத்திதான். அப்போது அவளுக்கு 14. அவளை விட வயதில் மூத்த ஆண்களோடு ஆலிசனுக்கு இருந்த பழக்கங்கள் பின்னோக்கிக் காட்சிகளில் வரும்போது, அந்தக் குழந்தை முகத்தைப் பார்த்து எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எஸ்ராவின் காட்சிகளில் அந்தப் பிசைவு வரவிடாமல் நடிகர் தேர்வே தடுத்துவிடுகிறது.

கோவை அண்ணன்: வீட்டில் தெரிந்த பிறகு அவள் அப்பா சும்மா இருந்தாரா?

நான்: அவர் பெயர் பைரன், கல்லூரிப் பேராசிரியர். கொதித்து எழுகிறார், காவல்துறைக்குப் போவேன் என்கிறார். ஆனால் அவரே தம்மிடம் படித்த மாணவியோடு தொடர்பு வைத்திருந்தவர். அதை மகள் நேரில் பார்த்து, அம்மாவிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறாள். ஆகவே அவர் மகளிடம் சொல்லும் ஒவ்வொரு அறிவுரையும் வாயை விட்டு வெளியே வருவதற்குள் வலுவிழந்துவிடுகிறது. இதையெல்லாம் முதல் எபிசோடிலேயே 'ஏ' ஒரே செய்தியில் சேர்த்துக் குத்திக்காட்டிவிடுவதுதான் எழுத்தாளர்களின் சாமர்த்தியம். நம் குழுவில் விடிந்தால் வரும் காலை வணக்கப் படங்களை நினைத்தால், அந்த 'ஏ' எவ்வளவு சிக்கனமாக எழுதுகிறாள் என்று பொறாமையாகக் கூட இருக்கிறது.

மதுரைச் சித்தி: முடிவில் அந்த ஆசிரியனுக்குத் தண்டனை உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்.

நான்: நான்காம் சீசனில், 2014இல், ஏரியா யார், என்ன வயது என்பதெல்லாம் அவனுக்குத் தொடக்கத்திலேயே தெரியும், ஆலிசனைப் பற்றிப் புத்தகம் எழுதுவதற்காகத்தான் நெருங்கினான் என்று கதை போட்டு உடைக்கிறது. அதுவரை வந்ததிலேயே நேர்மையான திருப்பம் அதுதான் என்று எண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் சில எபிசோடுகளிலேயே அவன் அந்தப் பெண்களைக் காக்கப் போய் குண்டடி பட்டு நல்லவனாகிவிடுகிறான். 2017இல் கடைசி எபிசோடில் இருவருக்கும் திருமணமே நடந்துவிடுகிறது. ரசிகர்கள் கைவிட மறுத்த ஜோடியைக் கைவிட எழுத்தாளர்களுக்கும் துணிவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

அக்கா மகள்: அந்தத் திருமணத்துக்காக நாங்கள் எவ்வளவு காத்திருந்தோம் தெரியுமா! இப்போது நீங்கள் சொல்லிக் கேட்கும்போது சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் இன்றைக்கு மறுபடி பார்த்தால் அழுதாலும் அழுவேன்.

மதுரைச் சித்தி: அழு, அது தப்பில்லை. ஆனால் பெரியவர்களில் ஒருவர்கூட உருப்படியாக இல்லையா?

நான்: இருக்கிறார் சித்தி. எமிலியின் அம்மா பேம். எமிலிக்குப் பெண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று தெரிந்ததும் ராணுவத்தில் இருக்கும் அப்பா சீக்கிரம் மனம் இளகிவிடுகிறார். அம்மாவால் ஏற்க முடியவில்லை, மகளின் முகத்தைப் பார்த்துப் பேசவே தடுமாறுகிறாள். பிறகு ஒரு நாள், எமிலி அப்படிப்பட்டவள் என்பதால்தான் நீச்சல் அணியில் அவளுக்குச் சலுகை காட்டுகிறார்கள் என்று இன்னொரு மாணவியின் அப்பா பள்ளியில் வந்து சத்தம் போடும்போது, முதலில் எழுந்து மகளுக்காகப் பேசுவது அதே பேம்தான். அவள் மனம் முழுதும் மாறியிருக்கவில்லை என்பது அவள் நிற்கும் விதத்திலேயே தெரிகிறது, இருந்தும் பேசுகிறாள். ரோஸ்வுட்டில் எனக்கு மிகப் பிடித்த காட்சி அது.

கோவை அண்ணன்: சரி, அந்த 'ஏ' யார் என்று நீ சொன்னால் நான் பார்க்காமலே தப்பித்துவிடுவேன்.

நான்: எந்த 'ஏ' அண்ணா? முதலில் பத்து எபிசோடு என்று தொடங்கியதை, வரவேற்பைப் பார்த்து முதல் சீசனிலேயே 22 ஆக்கினார்கள். அப்படி நீள நீளப் புதிரும் கைமாறிக்கொண்டே போனது. 2012இல் ஹன்னாவின் தோழி மோனா, 2015இல் ஆலிசனின் பழைய தோழி சீசீ, 2017இல் ஸ்பென்சரின் இரட்டைச் சகோதரி. மோனாவோடு நிறுத்தியிருந்தால் கச்சிதமாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. ஆறாம் சீசன் நடுவில் கதை ஐந்தாண்டு தாவி, பெண்களே பெரியவர்களாகிவிட்ட பிறகு, வீட்டுக்குப் பொய் சொல்லிவிட்டு வெளியே ஓடும் பதற்றமும் போய்விட்டது.

அக்கா மகள்: சித்தி, அம்மாக்களை எல்லாம் நிலவறையில் அடைத்துப் பூட்டிய இடம் வந்துவிட்டதா?

நான்: வந்தது! அத்தனை பேரையும் ஆலிசனின் வீட்டு நிலவறைக்குள் அடைத்தார்கள். அதன் பிறகு கதை ஐந்தாண்டு தாண்டிப் போய்விட்டது, அவர்கள் எப்படி வெளியே வந்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. கடைசி எபிசோடில் மகள்கள் நேராகவே கேட்டும் அம்மாக்கள் வாய் திறக்கவில்லை. 'ஏ' யாராக இருந்தால் எனக்கென்ன, அந்தக் கதவை யார் திறந்தார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மதுரைச் சித்தி: நான்கு அம்மாக்கள் சேர்ந்து உள்ளே இருந்தார்கள் என்றால் கதவுதான் பாவம். நான்காம் எபிசோடிலிருந்து நானும் பார்க்கிறேன். அந்த ஆசிரியன் வரும் இடங்களை மட்டும் ஓட்டிவிடுவேன்.