ஜெனரேட்டர் புகைக்கு இ.எஸ்.பி. போட்ட அனுபவம்

கப்பலூர் பிட்டர்:
62.5 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர் செட். இ.எஸ்.பி. என்றால் ஹை வோல்டேஜில் கரிக்குச் சார்ஜ் ஏற்றிக் குழாய்ச் சுவரில் ஒட்டவைத்துப் பிடிக்கிற சாமான். சைலன்ஸர் தாண்டி 4 அங்குலக் குழாய் 12, ஒவ்வொன்றும் 1 மீட்டர், நடுவில் கம்பி, மைனஸ் 18 கே.வி. ஒரு வாரம் புகையே கண்ணுக்குத் தெரியவில்லை. எட்டாம் நாள் கரண்ட் போய் செட் ஓட ஆரம்பித்ததுமே புகைக்குழாய் வாயிலிருந்து கருப்புப் பொருக்கு, பொரி அளவுக்கு. நேராகப் பக்கத்துக் கொடியில் காய்ந்த சுங்குடிச் சேலை மேல். தட்டிவிட்டதில் இன்னும் இழுவிவிட்டது. 22-க்கு ஏற்றினால் லோடு வந்ததும் படபடவென்று ஸ்பார்க், ட்ரிப்.

டவுன்ஹால் ரோடு:
12 குழாய் வெட்டிச் செலவு. ஒரே குழாய், 2 மீட்டர், முடிந்தது.

வண்டியூர்க்காரன்:
ஒரே குழாயா? இந்த செட் ஃபுல் லோடில் சூட்டோடு நிமிஷத்துக்குச் சுமார் 10 கன மீட்டர் புகை தள்ளும். 10 செ.மீ. குழாய் ஒன்றில் விட்டால் வினாடிக்கு 21 மீட்டர் வேகம். 12-ஆகப் பிரித்தால் 1.8-க்கும் கீழே. கரி சார்ஜ் வாங்கிச் சுவர் வரை நகர நேரம் வேண்டாமா?

பிட்டர் அண்ணே, உங்களுக்கு வோல்டேஜ் குறை இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல் சுவரில் ஒட்டினால் சார்ஜை மெதுவாகத்தான் விடும், அதனால் பிடித்துக்கொண்டு நிற்கும். டீசல் கரி கரண்ட் கடத்துகிற சாமான். தொட்ட நொடியே சார்ஜை விட்டு, சுவரின் சார்ஜை வாங்கிக்கொண்டு திரும்பக் குதிக்கும். நிற்கிற கொஞ்சமும் ஒன்றோடொன்று ஒட்டிப் பொருக்காகி, செட் எடுக்கிற உதறலில் கழன்று வரும். அதைத் தடுக்கப் பார்க்காதீர்கள், பின்னாலேயே ஒரு சைக்ளோன் வையுங்கள், புகையைச் சுழலவிட்டுக் கனமானதை ஓரம் தள்ளிக் கீழே டப்பாவில் விழவைக்கிற கூம்பு. 0.1 மைக்ரான் கரியை சைக்ளோன் பிடிக்காது, பொருக்கைப் பிடிக்கும்.

ஸ்பார்க்குக்குக் காரணம் சூடு. 350 டிகிரியில் வாயுவின் அடர்த்தி பாதிக்கும் கீழே, தாங்குகிற வோல்டேஜும் அதோடு இறங்கும். ஃபுல் லோடில், சூட்டில் வைத்து வோல்டேஜை செட் பண்ணணும்.

திருமங்கலம் வைண்டர்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் இன்சுலேட்டரைப் பற்றிச் சொல்லாமல் போனால் தப்பு. இந்த மிஷின் பெரும்பாலும் சாவது அங்கேதான். கே.வி. இறங்கி மில்லியாம்ப் ஏறினால் இன்சுலேட்டர் மேல் கரி படிந்து லீக். கே.வி. அப்படியே நிற்க மில்லியாம்ப் மட்டும் இறங்கினால் கம்பியில் கரி மொத்தையாகக் கட்டியிருக்கிறது, கரோனா, அதாவது கரிக்குச் சார்ஜ் ஏற்றக் கம்பியைச் சுற்றி வருகிற மின்கசிவு, வராது. இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல டிரான்ஸ்பார்மரைக் கழற்றுகிறவர்கள்தான் அதிகம்.

இன்சுலேட்டரைப் புகைப் பாதையை விட்டு விலக்கித் தனிப் பெட்டியில் வையுங்கள். சின்ன புளோயர் ஒன்றில் ஃபில்டர் ஆன சுத்தக் காற்றை உள்ளே தள்ளினால் புகை எட்டிப் பார்க்காது. குளிர்ந்த ஸ்டார்ட்டில் தண்ணீரும் எரியாத எண்ணெயும் சேர்ந்து ஈரக்கரி வரும். சூடேறிய பிறகு ஹெச்.டி. (ஹை வோல்டேஜ்) கொடுங்கள். முதல் சில நிமிஷப் புகை தப்பும், தப்பட்டும்.

கழற்றும்போது ஆஃப் பண்ணிவிட்டோம் என்று கை வைக்காதீர்கள், கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். எர்த் கம்பியைத் தொடவைத்து, அப்படியே மாட்டிவிட்டு வேலை பாருங்கள். கம்ப்ரஸர் காற்றால் கரியை ஊதாதீர்கள், அத்தனையும் நெஞ்சுக்குள் போகும். ஈரத்துணி, மாஸ்க். சைக்ளோன் டப்பாவை ஆறவிட்டுத் திறங்கள், உள்ளே கங்கு இருக்கலாம்.

கப்பலூர் பிட்டர்:
எல்லாம் சரிதான். சேலையில் கரி எதில் போகும், அதைச் சொல்லுங்கப்பா.