புதுப்பிப்பு: எம்12 மரையில் அதிர்வு நின்றது

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பட்டறையின் பழைய லேத்தில் (கடைசல் இயந்திரம்) எம்12 மரை, அதாவது 12 மி.மீ. விட்டத் திருகு மரை, வெட்டினால் டூல் (வெட்டும் உளி) அதிர்ந்து, மரை சொரசொரவென்று வருகிறது என்று கேட்டிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது. வழி சொன்ன அண்ணன்மாருக்கு நன்றி.

டூலை நேராக உள்ளே தள்ளாமல், காம்பவுண்ட் ஸ்லைடை (டூலைத் தாங்கி, கோணம் மாற்றித் திருப்பக்கூடிய மேல் ஸ்லைடு) 29.5 டிகிரி திருப்பி அதில் ஊட்டினேன். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே வெட்டுவதால் சீவல் தாராளமாக வெளியேறுகிறது. அந்த 29.5 கிராஸ் ஸ்லைடு (டூலைக் கம்பிக்கு நேர்குறுக்காக நகர்த்தும் ஸ்லைடு) திசையிலிருந்து அளப்பது. எங்கள் மெஷினில் காம்பவுண்ட் ஸ்லைடு லேத்தின் நீளவாட்டுப் படுக்கைக்கு இணையாக நிற்கும்போதுதான் பூஜ்யம், அதனால் 60.5இல் வைக்க வேண்டியிருந்தது. 1.75 மி.மீ. பிட்ச்சுக்கு (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலான தூரம்) மரை ஆழம் 1.07 மி.மீ.; சாய்வாக ஊட்டுவதால் காம்பவுண்ட் டயலில் 1.23 மி.மீ. வரை போகணும்.

அப்புறம் டூல் உயரம். மரை வெட்டும் கம்பிக்கும் டூல் முனைக்கும் நடுவே ஸ்டீல் ஸ்கேலை லேசாகப் பிடித்துப் பாருங்கள். ஸ்கேலின் மேல்முனை நம் பக்கம் சாய்ந்தால் டூல் கம்பியின் மையத்தைவிடத் தாழ்வு, டூலுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள்.