பழைய காரை வீட்டிலேயே புதுப்பித்தவர்களே, உண்மையில் எவ்வளவு ஆனது?

பல்லாவரம் பத்மினி

1986 பிரீமியர் பத்மினி. வண்டி விலை 70 ஆயிரம். மேலே ஒன்றரை லட்சம் போட்டால் சாலைக்கு வந்துவிடும் என்று பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். இப்போது நாலரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. இருக்கைக்கு உறை இன்னும் தைக்கவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது ஒரே ஒரு காலைப் பொழுதைப் பற்றி. தகட்டு வேலை செய்யும் டிங்கர் வந்தார், ஜாக்கி வைத்தார், அழுத்தினார். வண்டி எழவில்லை. ஜாக்கிதான் வண்டிக்குள் ஏறியது. அவர் ஒன்றும் பேசாமல் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கதவுக்குக் கீழே தட்டிக்கொண்டே போனார். பின் சக்கரத்துக்கு முன்னால் ஓரிடத்தில் சத்தம் மாறியது. இன்னும் கொஞ்சம் அழுத்தமாகத் தட்டியதும் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டிப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. அதன் உள்ளே சாக்கு. சாக்குக்குள்ளே தார் பூசிய செய்தித்தாள். ஒரு ஜவுளிக்கடையின் தீபாவளித் தள்ளுபடி விளம்பரத்தில் பாதியைப் படிக்க முடிந்தது. மறுபக்கமும் அதேதான். இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே கனம், மேலே அழகாகத் தேய்த்து டூகோ பெயிண்ட். யாரோ மிகவும் பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை.

விற்றவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. எனக்குக் காபி கொடுத்தார். வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு ரசீதையும் துளையிட்டுக் கோத்த ஒரு ஃபைலையும் கொடுத்தார். விளக்கு மாற்றிய பதினெட்டு ரூபாய் ரசீதுகூட அதில் இருக்கிறது. இந்த வேலைக்கு மட்டும் ரசீது இல்லை. அவருக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்தேதான் அந்தக் காபியைக் கொடுத்தாரா? தகட்டு வேலைக்கான கூலியை மறந்துவிட்டேன், இது மட்டும் மறக்கவில்லை.

ஹெரால்டு கோவை

தகடாவது பரவாயில்லை, நண்பரே. கண்ணுக்குத் தெரியும். என் கதையைக் கேளுங்கள்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நான்கு கதவு. வண்டலூர் அருகே பெருங்களத்தூரில் செய்தது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டில் நான்கு கதவே கிடையாது என்பதால் கதவுச் சாமான் எதையும் அங்கிருந்து வரவழைக்க முடியாது. எஞ்சின், சஸ்பென்ஷன் சாமான்கள் கிடைக்கும். ஆனால் கப்பல் கூலியும் சுங்க வரியும் சேர்ந்து சாமானின் விலையையே தாண்டிவிடும். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது வேறு. பெயிண்ட் முடிந்து முதன்முதலாக வண்டியை வெளியே எடுக்கிறேன். தெருவே நின்று பார்க்கிறது. கேட்டைத் தாண்டி இடது பக்கம் ஒடிக்கிறேன், நடக்கும் வேகம்கூட இல்லை. டொக் என்று ஒரு சத்தம். பானட்டின் வலது முனை கீழே இறங்கியது. மண்டியிட்ட யானைபோல வண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் முன் சக்கரம் உள்பக்கமாக மடங்கிக் கிடக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் வெர்ட்டிகல் லிங்க் என்ற தண்டு, டிரன்னியன் என்ற மூட்டுக்குள் திருகி உட்காரும் இடத்தில், மரையோடு சேர்த்து ஒடிந்திருந்தது. ஒடிந்த முகத்தில் முக்கால் பங்கு கறுத்த பழைய துரு, கால் பங்கு மட்டும் புதுசாகப் பளபளத்தது. அதாவது அந்த விரிசல் பல வருடங்களாக அங்கே இருந்திருக்கிறது. டிரன்னியனுக்குள் கல்லாக இறுகிய கிரீஸ். முன்பு யாரோ எண்ணெய் போட வேண்டிய இடத்தில் கிரீஸ் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஹெரால்டில் மட்கார்டும் பானட்டும் ஒரே உருப்படி என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஓரத்தில் ஒரு நெளிவுதான். ஆனால் நிறம் பொருந்த வேண்டுமென்றால் முழு பானட்டையும் மறுபடி அடிக்க வேண்டும். 22 ஆயிரம்.

எனக்குத் தூக்கம் கெடுவது அந்த 22 ஆயிரத்தால் இல்லை. என் மகள் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். இதே சக்கரம் அவிநாசி சாலையில் மடங்கியிருந்தால்?

சேலம் பட்டறை

தம்பி ஹெரால்டு கோவை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும். ஆனால் கிரீஸ் மேல் பழி போடுவது நியாயம் இல்லை. எங்கள் பட்டறையில் அப்பா காலத்திலிருந்து ஹெரால்டு, கெசல் இரண்டுக்கும் டிரன்னியனில் கிரீஸ்தான். ஒன்றுகூட ஒடிந்ததில்லை. எண்ணெய் ஊற்றச் சொல்வது குளிர் தேசத்துப் புத்தகம். நம் ஊர் வெயிலில் சீல் காய்ந்து, ஊற்றிய எண்ணெய் ஒரு மாதத்தில் தரையில் நிற்கும். பிறகு காய்ந்த மரையிலேதான் வண்டி ஓடும். கிரீஸ் அடிப்பது தப்பில்லை, அடித்துவிட்டுப் பல வருடம் திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் தப்பு.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், வீட்டில் செய்கிறவர்களுக்குப் பயன்படும். வண்டியைப் பார்க்கப் போகும்போது காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். ஒட்டாத இடம் பட்டி. தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். முன் கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பீடிங் வழியாகத் தண்ணீர் இறங்கித் தரைத் தகட்டைத் தின்பது பத்மினிக்கும் உண்டு, அம்பாசிடருக்கும் உண்டு. பிறகு வேலையின் வரிசை. முதலில் பிரேக்கும் ஸ்டியரிங்கும், அடுத்து எஞ்சின், அதன் பிறகு தகடு, கடைசியில்தான் பெயிண்ட். எல்லோரும் பெயிண்டை முதலில் அடித்துவிடுகிறார்கள், அப்புறம் எஞ்சினை இறக்கும்போது பானட் ஓரம் கீறல். வண்டியைப் பிரிக்கும்போது ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றிய ஓட்டையிலேயே திருகி வையுங்கள், டப்பாவில் கொட்டாதீர்கள். சிலிண்டரை லேத்துக்குப் போர் பண்ண, அதாவது உள்ளே கடைந்து அகலமாக்க, அனுப்பும் முன்பு, கடையில் எந்த அளவு பிஸ்டன் கையிருப்பு இருக்கிறது என்று பார்த்து வாங்கி வைத்துவிடுங்கள். போர் முடிந்த பிறகு அந்த அளவு பிஸ்டன் கிடைக்கவில்லை என்றால் அந்த பிளாக் இரும்பு விலைக்குத்தான் போகும். எஞ்சின் ஹெட்டைத் திறந்தால் வால்வு வந்து உட்காரும் சீட்டையும் பாருங்கள். 2000 பிப்ரவரியிலிருந்து ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை. மென்மையான உலோகச் சீட் என்றால் தேய்ந்துகொண்டே போகும். இங்கிலாந்துப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு, இருக்கும், பேட்டரியை வழக்கம்போல் மாட்டி டைனமோவைக் காலி பண்ணிவிடாதீர்கள்.

நான் சொல்ல வந்த சொந்த அனுபவம் இருக்கிறது. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கார்க்காரர் மனைவி

எல்லோர் கணக்கையும் படித்தேன். ஒருவர் கணக்கில்கூட வீடு இல்லை.

எங்கள் வீட்டுக் கார் 1974 ஃபியட். நான் தனியாக ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். என் கணவரின் கணக்கு 3 லட்சத்து 10 ஆயிரம். என் நோட்டில் 4 லட்சத்து 65 ஆயிரம். வித்தியாசம் எங்கே என்று கேட்டார், படித்துக் காட்டினேன். போர்டிகோவை ஃபியட் பிடித்துக்கொண்டதால் ஓடுகிற கார் தெருவில் நின்றது, அதன் கண்ணாடியை எவனோ உடைத்துவிட்டுப் போனான். கம்ப்ரஸர் ஓடிய மாதங்களில் மின் கட்டணம். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பது கார்க்காரர்களுக்குத் தெரியாது, கட்டுகிறவர்களுக்குத் தெரியும். தின்னர் வாடைக்கு மாமியாருக்கு மூச்சுத் திணறி ஒரு வாரம் நாத்தனார் வீட்டில் இருந்தார், போக வர டாக்சி. பழைய சாமான் வாங்கப் புதுப்பேட்டைக்குப் போகும்போதெல்லாம் நண்பர்களோடு பிரியாணி. அதையும் விடவில்லை.

இத்தனைக்கும் நான் கோபப்பட்டது ஒரே நாள். பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டார்கள். ஃப்ரீசரைத் திறந்து டப்பாவை எடுத்தேன், கை தாங்காத கனம். மூடியைத் திறந்தால் பாலித்தீன் பையில் சுற்றிய பித்தளை புஷ் நாலு, எண்ணெய் மினுக்கோடு. குளிர்ந்தால் சுருங்குமாம், சுலபமாக உள்ளே இறங்குமாம். "எடுத்துவிடாதே, நாளைக்குக் காலையில்தான் அடிக்கப் போகிறேன்" என்று உள்ளறையிலிருந்து குரல் வருகிறது. அதற்குள்ளே இருந்த ஐஸ்கிரீம் எங்கே என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

பல்லாவரம் பத்மினி, அந்த வங்கி அதிகாரிக்குத் தெரிந்திருக்காது. ரசீது இல்லாத செலவு வீட்டுக்காரருக்குத் தெரியாமல் செய்த செலவு. மகனோ ஓட்டுநரோ எங்கேயோ இடித்துவிட்டுக் கமுக்கமாகச் செய்திருப்பார்கள். அவரைச் சந்தேகப்படாதீர்கள்.

காரைக்குடி அம்பாசிடர்

அம்மா சொல்லும் நோட்டு எங்கள் வீட்டிலும் இருக்கிறது, நல்லவேளையாக இன்னும் படித்துக் காட்டவில்லை.

1968 அம்பாசிடர் மார்க் 2, தாத்தா வண்டி. சாமான் விஷயத்தில் எனக்குக் குறையே இல்லை. உத்தரபாராவில் 2014 வரை செய்த வண்டி, 1489 சிசி எஞ்சினுக்கு இன்றும் எல்லாம் கிடைக்கிறது. என்னைக் கவிழ்த்தது காகிதம். ஆர்.சி. என்ற பதிவுச் சான்று காலாவதியாகிப் பல வருடம். தாத்தாவுக்கு ஐந்து வாரிசுகள், ஒருவர் மலேசியாவில். கையெழுத்துகள் வாங்கியதையே ஒரு தனிக் கதையாக எழுதலாம், அதை விடுங்கள்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆய்வு நாள். பிரேக் இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது, அவர் அப்பாவும் இதே வண்டி ஓட்டினாராம். சேசிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். வெறும் சாம்பல் நிறம்தான் வந்தது. பெயிண்டர் அந்தத் தகட்டின் மேலேயும் தாராளமாக அடித்திருந்தார். நாணயத்தால் சுரண்டினோம். புதுப் பெயிண்ட் சுருள் சுருளாக உதிர உதிர என் வயிறு எரிந்தது. எண் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கடைசி எண்ணுக்கு வந்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆர்.சி. புத்தகத்தில் 8. தகட்டில் 3.

"நீங்களே சொல்லுங்கள், இது என்ன?" என்றார். குனிந்து பார்த்தேன். சந்தேகமே இல்லாத 3. ஐம்பத்தைந்து வருடம் முன்பு எந்த எழுத்தரோ அவசரத்தில் எழுதிய எழுத்து. அதன் பிறகு மனு, நோட்டரி உறுதிமொழி, பழைய பதிவேட்டைத் தேடச் சொல்லி இன்னொரு மனு, அந்தப் பதிவேடு வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டது என்று பதில். வண்டி இன்று வரை ஷெட்டில். 5 லட்சத்துக்கு மேல் போட்ட வண்டியைத் தெரு முனைவரைகூட ஓட்ட முடியாது. அன்று கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பாரோ என்று இப்போதும் நினைக்கிறேன்.

சேலம் பட்டறை

ஐயா, 50 வருடம் கடந்த வண்டி என்றால் விண்டேஜ் பதிவுக்குப் போகலாமே. 2021-இல் வந்த விதி. புதிதாகப் பதிய 20 ஆயிரம், பத்து வருடம் செல்லும், வி.ஏ. என்ற எழுத்தோடு எண் தருவார்கள்.

காரைக்குடி அம்பாசிடர்

தெரியும் ஐயா. அதில் அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு, அவ்வளவுதான். அம்மாவைக் குன்றக்குடிக்கு அழைத்துப் போக வேண்டும் என்றுதான் இந்த வேலையையே தொடங்கினேன். சாதாரணப் புதுப்பித்தலும் மலிவில்லை. கார் ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்ததை 2022-இல் 5,000 ஆக்கினார்கள், 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-இல் 10 ஆயிரம். தாமதத்துக்குத் தனி. எப்படியும் அந்த 3 விண்டேஜ் பதிவிலும் 3-தான்.

திருச்சி மைனர்

சுருக்கமாக எழுதுகிறேன். மோரிஸ் மைனரின் கதவுக் கைப்பிடிகளை முலாம் பூசக் கொடுத்தேன். அவை துத்தநாக வார்ப்பு, அமிலத் தொட்டியில் நேரம் பார்த்து எடுக்க வேண்டும். பையன் சாப்பிடப் போய்விட்டான். திரும்பிப் போனபோது கடைக்காரர் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். உள்ளே நாலு தீக்குச்சி கனத்தில் ஏதோ இருந்தது. "கூலி வேண்டாம் சார்" என்றார். பெருந்தன்மைதான். இங்கிலாந்திலிருந்து ஒரு ஜோடி வந்து சேர 19 ஆயிரம் ஆனது.

பல்லாவரம் பத்மினி

அம்மா, நீங்கள் சொன்ன பிறகு அந்த ரசீது ஃபைலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரு வருடத்தில் மட்டும் மாதம் தவறாமல் "டிரைவர் சம்பளம்" என்று குறித்திருக்கிறார், பிறகு அந்த வரியே காணோம். நீங்கள் சொன்னதுபோல் இருக்கலாம்.

ஒரு தகவலும் சொல்லிவிடுகிறேன். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை என்ன செய்கிறது என்பதை நேரில் பார்த்தேன். வண்டியோடு வந்த பெட்ரோல் குழாயைக் கிள்ளினால் விரலில் கறுப்பாக ஒட்டுகிறது. குழாய், பம்ப் டயாஃப்ரம் எல்லாம் மாற்றிவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். பத்மினி சாமானும் முன்போல் இல்லை. 2023 அக்டோபரில் மும்பையின் கடைசி பத்மினி டாக்சி ஓய்வு பெற்றதிலிருந்து, கேட்டால் "டாக்சியே இல்லை, யாருக்காகச் சார் வாங்கி வைப்பது?" என்கிறார் கடைக்காரர்.

ஹெரால்டு கோவை

சேலம் ஐயாவுக்கு மரியாதையோடு சொல்கிறேன். உற்பத்தியாளரின் கையேட்டிலேயே அந்த இடத்துக்குக் கியர் எண்ணெய் என்றுதான் போட்டிருக்கிறது. ஒடிந்த லிங்க் என் மேஜை மேல்தான் கிடக்கிறது, வந்து பாருங்கள்.

சேலம் பட்டறை

வருகிறேன் தம்பி, கையேட்டையும் எடுத்து வையுங்கள். ஒன்று கேட்க வேண்டும். பானட்டில் மறுபடி பட்டி வைத்து அடித்துவிட்டீர்களா? இல்லையென்றால் பொறுங்கள். எங்கள் கொட்டகையில் ஒரு மார்க் 3 பானட் கிடக்கிறது, துரு இல்லை, முன்பக்கம் நேராக இருக்கிறது. காசு வேண்டாம். டிரன்னியனுக்குக் கிரீஸ் போடுவதாக மட்டும் சொல்லிவிடுங்கள்.

ஹெரால்டு கோவை

எண்ணெய்தான் போடுவேன் ஐயா, பானட்டும் வேண்டும். சேலத்திலிருந்து லாரி பார்சலில் என்ன கேட்பார்கள்? மரச்சட்டம் அடித்துத்தான் ஏற்றுவார்களா?