டிவியில் லேப்டாப் திரை மங்கல்: 1366 × 768 வரவைப்பது எப்படி?

வணக்கம். 32 இன்ச் எச்டி ரெடி டிவி, 2016-இல் வாங்கியது. பேனல் 1366 × 768 பிக்சல் (அகலம் × உயரம்). போன மாதம் வாங்கிய லேப்டாப்பை (விண்டோஸ் 11, இன்டெல் கிராபிக்ஸ்) எச்டிஎம்ஐ-யில் மாட்டினால் 1280 × 720, 1920 × 1080 இரண்டு மட்டுமே பட்டியலில் வருகின்றன. இரண்டுமே பேனல் அளவு இல்லை, எதை வைத்தாலும் எழுத்து மங்கல்தான். மெய்யெழுத்தின் புள்ளி கரைந்து, 'க்' எது 'க' எது என்றே தெரியவில்லை. அப்பா இதில்தான் தினமும் பேப்பர் படிக்கிறார், பாவம், கண் வலிக்கிறது என்கிறார்.

முதலில் கீழே டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டது. டிவி மெனுவில் 16:9-ஐ விட்டு 'ஜஸ்ட் ஸ்கேன்' (ஓரத்தை வெட்டாமல் படத்தை முழுதாகக் காட்டும் அமைப்பு) வைத்ததும் அது சரியாகிவிட்டது. மங்கல் போகவில்லை. ஷார்ப்னெஸ் குறைத்தேன், கேபிள் மாற்றினேன், டிரைவர் அப்டேட் செய்தேன். கஸ்டம் ரெசல்யூஷனில் (பிக்சல் அளவை நாமே கொடுக்கும் இடம்) 1366 கொடுத்தால் ஏற்க மறுக்கிறது. 1366 எட்டால் வகுபடாததால் இந்தச் சிக்கல் என்று படித்து 1360 × 768 போட்டேன், 'நோ சிக்னல்'.

பழைய லேப்டாப்பை விஜிஏ (பழைய வகை வீடியோ இணைப்பு) வழியாக இதே டிவியில் மாட்டினால் 1360 × 768 வருகிறது, எழுத்து பளிச்சென்று இருக்கிறது. ஆக, பேனலில் பழுதில்லை. புதியதில் விஜிஏ கிடையாது.

எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் அடாப்டர் போட்டால் 1360 × 768 கிடைக்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.