சி.எஸ்.எஃப்-ல (மூளை-தண்டுவட நீர்) ஆல்ஃபா-சைனூக்ளின் புரதம்: எலைசாவா, சீடிங் டெஸ்ட்டா?

நியூரோ_பிஜி:
பார்க்கின்சனா எம்.எஸ்.ஏ-வான்னு (மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபி, பார்க்கின்சன் மாதிரியே தெரியுற இன்னொரு நரம்பு நோய்) பிடிபடாத கேஸ்களுக்கு எலைசாவில் (ஆன்டிபாடி வச்சு புரத அளவு பார்க்கிற டெஸ்ட்) மொத்த ஆல்ஃபா-சைனூக்ளின் பார்க்கிறோம். ஒரே பங்சரில் (முதுகுல ஊசி போட்டு நீர் எடுக்கிறது) எடுத்த இரண்டு ட்யூப்புக்கே மதிப்பு ஒத்துவரல. கிட்டை மாத்தணுமா, இல்ல சீட் ஆம்ப்ளிஃபிகேஷனுக்கே (சீடிங் டெஸ்ட்) போயிடலாமா?

லேப்மேசை:
கிட் மேல பழி போடுறதுக்கு முன்னாடி ட்யூப்பைப் பாருங்க. ரத்தத்தில் இருக்கிற ஆல்ஃபா-சைனூக்ளின்ல 99 சதவீதத்துக்கு மேல சிவப்பணுவுக்குள்ளதான் இருக்கு. ஊசி ஒரு சின்ன நாளத்தை உரசினாலே போதும், முதல் ட்யூப் எகிறும், அடுத்தது இறங்கும். கண்ணுக்குத் தெளிவா தெரியுற நீரிலும் இது நடக்கும்.

முதல் 1–2 மி.லி.யை செல் கவுண்ட்டுக்கு விட்டுடுங்க. மிச்சத்தை பாலிப்ரொப்பிலீன் ட்யூப்ல பிடிங்க. பாலிஸ்டைரீன்னா புரதம் சுவரோட ஒட்டிக்கும். சென்ட்ரிஃப்யூஜில் 2000 ஜி-யில் 10 நிமிஷம் சுத்தி, மேல்நீரை 0.5 மி.லி. பங்குகளாப் பிரிச்சு, ஒரு மணி நேரத்துக்குள்ள மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்குப் போகணும். உறைய வச்ச பிறகு சுத்திப் பிரயோஜனம் இல்ல, சிவப்பணு அதுக்குள்ள உடைஞ்சு எல்லாத்தையும் கக்கியிருக்கும். ஹீமோகுளோபின் மி.லி.க்கு 200 நானோகிராமைத் தாண்டினா அந்த மதிப்பைத் தூக்கிப் போடுங்க.

தண்டுவடம்:
சாம்பிள் சுத்தமா இருந்தாலும் அளவை வச்சு ஒரு ஆளுக்கு டயக்னோசிஸ் சொல்ல முடியாது. பார்க்கின்சன்ல சராசரி குறையுது, ஆனா 10–15 சதவீதம்தான். நார்மல் ஆட்களோட பாதிக்கு மேல கலந்து கிடக்கும்.

சீடிங் கேட்கிறது வேற கேள்வி: தப்பா மடிஞ்சு மத்த சைனூக்ளினையும் அதே மாதிரி மடிய வைக்கிற விதை இருக்கா, இல்லையா. ரீகாம்பினன்ட் (லேப்ல தயாரிச்ச) சைனூக்ளின் புரதத்தோட சி.எஸ்.எஃப் சேர்த்து, குலுக்கிக் குலுக்கி தயோஃப்ளேவின்-டி சாயத்தோட ஒளிர்வைப் பார்ப்பாங்க. ஒரே சாம்பிளைப் போட்ட மூணு கிணத்துல (டெஸ்ட் தட்டுல இருக்கிற குழி) ஒண்ணு மட்டும் எழும்பினா பாசிட்டிவ்னு எழுதாதீங்க, மறுபடி ஓட்டுங்க. 2023-ல் வந்த பிபிஎம்ஐ (பார்க்கின்சன் பயோமார்க்கர்களைத் தேடுற பன்னாட்டு ஆய்வு) ஆய்வில் 1,123 பேர். பார்க்கின்சன்ல உணர்திறன் (நோய் உள்ளவங்கள்ல பாசிட்டிவ் வர்ற பங்கு) 87.7 சதவீதம். வாசனை இழந்த வழக்கமான கேஸ்ல 98.6, எல்ஆர்ஆர்கே2 மரபணுவில் மாற்றம் உள்ளவங்ககிட்ட 67.5. அந்த மரபணு மாற்றம் இருக்கிறவங்களுக்கு நெகட்டிவ் வந்தா நோயே இல்லன்னு முடிவு கட்டாதீங்க.

நியூரோ_பிஜி:
லேசா சிவந்த சாம்பிளை சீடிங்குக்காவது போடலாமா?

லேப்மேசை:
வேண்டாம். இங்க ரத்தம் தலைகீழா வேலை செய்யும்: எலைசாவில் மதிப்பை ஏத்தி பார்க்கின்சனை மறைக்கும், சீடிங்ல வினையையே அடக்கி பொய் நெகட்டிவ் தரும்.

தண்டுவடம்:
உங்க மூலக் கேள்வி எம்.எஸ்.ஏ-ன்னா கூடவே நியூரோஃபிலமென்ட் லைட் செயினும் (நரம்பு சிதையும்போது நீருக்குள்ள கசியுற புரதம்) கேளுங்க. எம்.எஸ்.ஏ, பி.எஸ்.பி-ல (புரோகிரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி, பார்க்கின்சன் மாதிரி தெரியுற இன்னொரு நோய்) அது நல்லா ஏறும். பார்க்கின்சன்ல பெரும்பாலும் நார்மலை ஒட்டியே நிற்கும். சீடிங் பாசிட்டிவ் லூயி பாடி டிமென்ஷியாவிலும் (சைனூக்ளின் சேர்ந்து வர்ற மறதி நோய்) வரும், அதனால ரிப்போர்ட்ல "பார்க்கின்சன்"னு எழுதாம "சைனூக்ளின் சீடிங் பாசிட்டிவ்"னு மட்டும் போடச் சொல்லுங்க.