தொடரிணைப்பு மின்சிகரெட்டில் சுவிட்ச் சூடாகிறது: ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். பிரிட்டனில் வசிக்கும் நான், சிகரெட்டை விட்டபின் மின்சிகரெட்டுக்கு மாறியவன். இரண்டு 18650 வகை லித்தியம் அயான் பேட்டரிகளைத் தொடரிணைப்பில் கொண்ட, மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் எதுவுமில்லாத மரப்பெட்டிக் கருவி ஒன்றை அண்மையில் செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் தரும் இதில் 0.5 ஓம் காயிலை (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளை) பொருத்தினால், ஏறத்தாழ 17 ஆம்பியர் மின்னோட்டம் முழுவதும் அந்தச் சிறிய சுவிட்ச் வழியாகவே பாய்கிறது. ஐந்து வினாடி அழுத்தினால் கட்டைவிரலை வைக்க முடியவில்லை. திறந்து பார்த்தபோது, சுவிட்சின் முனை கருத்து, பற்றவைப்பை ஒட்டிய கம்பியின் சிவப்பு உறை சற்றே உருகியிருந்தது. (விற்றவர் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.)

பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் மின்னணுச் சுவிட்சான ஐ.ஆர்.எல்.பி 3034 மாஸ்ஃபெட்டைச் சேர்த்து, கைச்சுவிட்ச் அதன் கேட்டை (அதைக் கட்டுப்படுத்தும் முனையை) மட்டும் இயக்குமாறு மாற்ற எண்ணுகிறேன். சுவிட்சை விட்டதும் கேட்டில் மின்னழுத்தம் தங்கி, காயில் தானாக எரியாதிருக்க, கேட்டுக்கும் மாஸ்ஃபெட்டின் இன்னொரு முனையான சோர்சுக்கும் இடையே 15 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் வைப்பேன். ஆனால் மாஸ்ஃபெட் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகி, சுவிட்சை அழுத்தாமலே காயில் எரிந்துகொண்டிருக்கும் என்பதே என் கவலை. அதற்கு 20 ஆம்பியர் ஃபியூஸ் பயன்படாது. ஷார்ட் ஆனாலும் காயில் இழுப்பது அதே 17 ஆம்பியர்தானே. ஆகவே பேட்டரியைத் துண்டிக்கும் தனிச் சுவிட்ச் ஒன்றைப் பொருத்துவதுதான் சரியா? இத்தகைய கருவியைத் தம் கையால் மாற்றியமைத்தவர்கள், எந்தத் தடிமனுள்ள கம்பியைப் பயன்படுத்தினீர்கள் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும். அதுவரை பேட்டரிகளைக் கழற்றித் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.