புதுப்பிப்பு: லாக்டவுன் குழந்தையும் ஓயாத சளியும்

லாக்டவுனில் பிறந்த மகளுக்கு எல்கேஜி சேர்ந்ததிலிருந்து ஓயாமல் சளி, எதிர்ப்பு சக்தியே போய்விட்டதா என்று முன்பு கேட்டிருந்தேன். மஞ்சக்குப்பத்தில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் விவரமாகப் பேசினேன். சக்தி எங்கும் போகவில்லையாம், கிருமிகளோடு பழக்கம்தான் தள்ளிப்போயிருக்கிறது.

சளி, இருமல் தந்து நுரையீரலையும் தாக்கக்கூடிய ஆர்எஸ்வி என்ற வைரஸ் சாதாரணமாக 2 வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையாவது தொட்டுவிடும். 2020-ல் மாஸ்க், மூடிய பள்ளிகள் எல்லாம் சேர்ந்து அதை அடக்கிவைத்தன. அம்மாக்களுக்கும் புதிதாகத் தொற்றாததால், கருவிலேயே பிள்ளைக்குப் போகும் ஆன்டிபாடியும் (கிருமியை எதிர்க்கும் புரதம்) குறைந்தது. கட்டுப்பாடு தளர்ந்ததும் பருவம் தப்பி வந்தது. ஆஸ்திரேலியாவில் அந்தக் குளிர்கால வைரஸ் 2020 கடைசியில், அவர்களுடைய கோடையில் பரவியது.

அதற்காக, சளிப்பிள்ளைகளோடு விளையாட விடு என்ற பெரியப்பா யோசனை வேண்டாம். 6 மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு ஆர்எஸ்வி ஆபத்து, வீட்டில் ஒன்று இருக்கிறதே! ஃப்ளூ ஊசி போட்டாச்சு. மூச்சு வாங்கினால், விலா உள்ளிழுத்தால் உடனே வரச் சொன்னார் டாக்டர்.